கைபேசிக் கட்டுப்பாடு பெரியவர்களிடமிருந்து தொடங்கட்டும்

மாணவர்களின் கையிலிருக்கும் கைபேசியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அதைப் பறித்து வைத்துவிட வேண்டும் என்ற முடிவில்தான் அந்தப் பேச்சு பெரும்பாலும் போய் நிற்கிறது. 16 வயது நிறையாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் தடை நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது போன்ற ஒரு சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதே மாதத்தில் கருத்துத் தெரிவித்தது. பிள்ளைகள் மீதான கவலையில் பிறந்த இந்த யோசனைகளை யாரும் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் சிதம்பரமும் கிள்ளையும் பிச்சாவரமும் அடங்கிய கடலூர் மாவட்டத்தின் அண்மைக்கால அனுபவத்தை வைத்துப் பார்த்தால், கவலையின் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே தோன்றுகிறது. மாணவர் வாழ்க்கைக்குள் கைபேசியைக் கொண்டுவந்தவர்களும், அதைத் தவிர்க்க முடியாததாக்கியவர்களும், அதன் வழியே அவர்களுக்கு ஆறாத காயத்தை உண்டாக்கியவர்களும் பெரும்பாலும் பெரியவர்களே. ஆகவே, விதிகள் முதலில் கல்வி நிர்வாகத்துக்கும் சமூக ஊடக நிறுவனங்களுக்கும், கிடைத்த காணொலியை யோசிக்காமல் அனுப்பிவைக்கும் பொதுமக்களுக்கும் வேண்டும். மாணவர்களுக்கான விதிகள் அவற்றுக்குப் பிறகே வர வேண்டும்.

இந்த நிலைமை எப்படி உருவானது என்பது அதற்குள் மறந்துபோகக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை ‘செல்லைத் தொடாதே’ என்று கண்டித்துவந்த பெற்றோரே, படிப்புக்காகப் பிள்ளையிடம் செல்லைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது என்றாலும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான அன்றாடத் தொடர்பு வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குடிபெயர்ந்தது. 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் மீண்டும் நடக்கத் தொடங்கின. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் அந்தக் குழுக்கள் கலையவில்லை. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, கட்டண நினைவூட்டல் என்று பலவும் இன்று அவற்றின் வழியாகத்தான் வருகின்றன. கல்லூரியில் சேர்ந்தால் கலந்தாய்வு, உதவித்தொகை விண்ணப்பம், ஹால் டிக்கெட், தேர்வு முடிவு என்று எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். பகலெல்லாம் கைபேசி இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஆக்கிவிட்டு, இரவில் அதே கைபேசியை ஏன் பார்க்கிறாய் என்று கேட்பதில் நியாயம் குறைவு.

இந்தக் கட்டாயத்தின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பிச்சாவரம், வெளியூர்க்காரர்களுக்கு ரீல்ஸில் பார்க்கும் அலையாத்திக் காடு. சுரபுன்னை மரங்களுக்கு நடுவே போகும் படகு. அதே உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. அன்றாடப் பிழைப்பை நம்பியிருக்கும் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைபேசி என்றால், அது வேலைக்குப் போகிறவரோடு போய்விடும்; ரீசார்ஜ் முடிந்தால் அடுத்த வருமானம் வரும்வரை சும்மா கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு, மாலையில் குழுவில் வந்த வீட்டுப்பாடம் மறுநாள் காலையில் வகுப்பில் வாங்கும் திட்டாகத்தான் வந்துசேரும். படிப்பு வாசனை புதிதாக நுழைந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், பாடம் கடினம் என்பதால் பின்தங்கினால் அதற்கு மருந்து உண்டு. தகவல் வந்துசேராததால் பின்தங்கினால் அது நிர்வாகம் இழைக்கும் அநீதி. தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, படிப்புக்குக் கருவி தேவை என்றால் அதைத் தருவதும் அரசின் கடமை என்ற கொள்கை அதில் இருந்தது. வாட்ஸ்அப் வழி நிர்வாகம், கருவியையும் இணையக் கட்டணத்தையும் சத்தமில்லாமல் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டது.

அடுத்தது, பரப்புகிறவர்களின் பொறுப்பு. 2022 அக்டோபரில், சிதம்பரத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் பள்ளிச் சீருடையில் இருந்த மாணவிக்கு ஒரு மாணவர் தாலி கட்டும் காணொலி தமிழகமெங்கும் பரவியது. இருவரும் 18 வயது நிறையாதவர்கள். அது விளையாட்டா விபரீதமா என்பதை இரு குடும்பங்களும் பள்ளியும் குழந்தைகள் நலக் குழுவும் அமைதியாக விசாரித்து, இருவருக்கும் ஆலோசனை தந்து கரையேற்றியிருக்க முடியும். ஆனால் காணொலியோ சில நாட்களில் லட்சக்கணக்கானோரின் தீர்ப்புக்கு உரியதாகிவிட்டது. சாதி பேசினார்கள், வளர்ப்பைப் பழித்தார்கள், முகத்தை மறைக்காமல் பகிர்ந்தார்கள். சட்ட நடவடிக்கைக்கு உள்ளான சிறாரின், அல்லது பாதுகாப்பு தேவைப்படும் சிறாரின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும், எந்தத் தகவல்தொடர்பு வடிவிலும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தக் காணொலியைப் பரப்பியதாக ஒருவர் கைதுசெய்யப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அதைத் தம் குழுக்களில் தள்ளிவிட்ட எண்ணற்ற பெரியவர்களுக்கு, தாங்களும் ஒரு குற்றத்தில் கைவைத்தோம் என்ற உணர்வுகூட வந்திருக்காது. 17 வயதில் செய்த ஒரு பிழை, முன்பெல்லாம் நாலு தெருவுக்குத் தெரிந்து நாளடைவில் மறையும். இன்று அது 30 வயதிலும் தேடினால் கிடைக்கும். ஒரு மாணவருக்குக் கைபேசியால் நேரக்கூடிய இவ்வளவு பெரிய கேட்டை, அவருடைய கைபேசியைப் பறித்துத் தடுத்திருக்கவே முடியாது.

மூன்றாவது, நிறுவனங்கள். கிராமப்புறப் பள்ளிக் கல்வியை ஆராயும் ‘அசர்’ அறிக்கை 2024இல் 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளிடம் கேட்டது. திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும் என்றவர்கள் 82.2 சதவீதம். அவர்களில், முந்தைய வாரத்தில் அதைப் படிப்பு சார்ந்த ஏதேனும் ஒன்றுக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பிள்ளைகளின் பொறுப்பின்மைக்கு இதைச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆனால் ஒரு காணொலி முடிவதற்குள் அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும் செயலியை உருவாக்கியவர்கள், பார்ப்பவரின் நேரத்தை விளம்பரத்துக்கு விற்றுப் பிழைக்கும் உலகப் பெருநிறுவனங்கள். பதின்பருவப் பெண்கள் சிலருக்குத் தங்கள் உடல் மீதான தாழ்வுணர்வை இன்ஸ்டாகிராம் மோசமாக்குவது அதை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆய்வுகளிலேயே பதிவாகியிருந்தது என்பதை, அங்கு பணியாற்றிய பிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. சிறாருக்கான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு மேலும் 18 மாதம் தரப்பட்டிருக்கிறது. பள்ளிப் பையைத் திறந்து சோதிக்க ஒரு நாளும் தவணை கேட்காத நாம், நிறுவனங்களுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் தவணை தருகிறோம்.

ஆஸ்திரேலியாவே தடை விதித்துவிட்டதே என்று கேட்கலாம். அந்தச் சட்டத்தைக் கூர்ந்து படித்தால் அது நம் வாதத்துக்குத்தான் துணைநிற்கிறது. விதி மீறிக் கணக்கு வைத்திருக்கும் சிறாருக்கோ பெற்றோருக்கோ அங்கே தண்டனை கிடையாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதிலும் சிக்கல் இருக்கிறது. அப்பாவின் எண்ணில், அக்காவின் கணக்கில், வீட்டுக்கே பொதுவான ஒரு கைபேசியில் பார்க்கும் பிள்ளையின் வயதை எந்தச் செயலி சரிபார்க்கும்? அதைவிடக் கவலைக்குரியது, தடை என்ற சொல் நம் வீடுகளில் முதலில் யார் மேல் பாயும் என்பது. அதே அசர் ஆய்வின்படி, திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 36.2 சதவீதத்தினரிடம் சொந்தக் கைபேசி இருந்தது, பெண்பிள்ளைகளில் 26.9 சதவீதத்தினரிடம்தான் இருந்தது. விடுதி மாணவிகள் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்று போட்ட விதியை எதிர்த்து ஒரு மாணவி வழக்குத் தொடுத்தார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்பிள்ளைகளைக் கட்டுப்படுத்தக் காரணம் தேடும் சமூகத்தில், தடையை ஆதரிப்பவர்கள் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வகுப்பறை ஒழுங்கு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. பாடம் நடக்கும்போது கைபேசி வகுப்பறையில் இருக்கக் கூடாது என்பதில் நமக்கு மறுப்பில்லை. கைபேசி அருகில் இருப்பதே கவனத்தைக் கலைக்கும் என்பதை யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையும் எடுத்துக்காட்டியது. ஆனால் அந்த விதி ஆசிரியருக்கும் பொருந்தினால்தான் பிள்ளைகள் அதை மதிப்பார்கள். வகுப்பு நேரத்தில் அலுவலகத் தகவல்களைப் பதிவேற்றும்படி ஆசிரியரிடம் கேட்கும் வழக்கத்தையும் துறை கைவிட வேண்டும். வாங்கி வைக்கும் கைபேசியை மாலையில் திருப்பித் தர வேண்டும். அதைத் திறந்து தனிப்பட்ட செய்திகளைப் படிக்க யாருக்கும் உரிமையில்லை.

இன்னொரு மறுப்பு, கடலூர் மாவட்டத்துக்கே உரியது. புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் மிரட்டும் மண்ணில் வாட்ஸ்அப் இல்லாமல் எப்படித் தகவல் சொல்வது? 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரைபுரண்டபோது, விடுமுறைச் செய்தியை நொடியில் கொண்டுசேர்த்தவை இந்தக் கைபேசிகள்தான். தகவல் சொல்ல வாட்ஸ்அப் நல்ல துணை என்பதை யாரும் மறுக்கவில்லை. அதுவே ஒரே வழி ஆகிவிடக் கூடாது என்பதுதான் கோரிக்கை. மழைக்காலத்தில் போலி விடுமுறை அறிவிப்புகளும் அதே வேகத்தில்தான் வருகின்றன. சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 காலையில், கடலூருக்கு வடக்கே புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவ ஊரின் உயிர்களைக் காத்தது எது? சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பும், அதை ஊருக்கே அறிவித்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியும் சேர்ந்துதான். சேதி ஒருவருக்குத் தனிவழியில் வந்தது. எல்லோரையும் சென்றடைய ஊருக்குப் பொதுவான ஒரு வழி தேவைப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியபோதும் இதே நெறிதான். அச்சிட்ட பாடம் அஞ்சலில் மாணவரின் வாசலுக்குப் போனது. பாடத்தைக் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் வேலை என்று அன்று இருந்தது. எங்கிருந்தாவது பார்த்துக்கொள் என்று மாணவரிடம் விட்டுவிடுவது இன்றைய வழக்கமாகிவருகிறது.

மாணவர்களுக்குப் பொறுப்பே இல்லையா என்றும் கேட்பார்கள். இருக்கிறது. சக மாணவியின் படத்தைத் திரித்துப் பகிர்வதும், குழுவில் ஒருவரைக் கூடி நின்று கேலி செய்வதும், பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போடுவதும் கண்டிக்கப்பட வேண்டியவை. ஆனால் பிறர் அவமானத்தைப் பகிர்ந்து மகிழும் பழக்கத்தைப் பிள்ளைகள் வீட்டுக் குழுக்களிலிருந்தும் தெருவிலிருந்துமே கற்கிறார்கள். பொய்ச் செய்தியை அடையாளம் காண்பதும் ஒருவரின் படத்தை எடுக்கும் முன் அனுமதி கேட்பதும் பாடமாகக் கற்பிக்கப்படாமல், தண்டனை மட்டும் வந்தால் அச்சம்தான் வளரும், பொறுப்பு வளராது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பெரும்பாலானவற்றைக் கடலூர் மாவட்ட நிர்வாகமும் பள்ளிக் கல்வித் துறையும் சட்டத் திருத்தம் எதற்கும் காத்திராமலே தொடங்கலாம். வீட்டுப்பாடமும் தேர்வு அறிவிப்பும் வகுப்பறையில் கரும்பலகை வழியாகவே தரப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவது அதன் நகலாக மட்டுமே இருக்க வேண்டும். கைபேசி இல்லாத காரணத்தால் எந்த மாணவரும் மதிப்பெண்ணையோ உதவித்தொகையையோ வாய்ப்பையோ இழக்கக் கூடாது என்பது எழுத்துப்பூர்வ ஆணையாக வேண்டும். அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் மாலை வேளையில் மாணவர்களுக்காகத் திறந்திருக்க வேண்டும். கிள்ளை, பிச்சாவரம் பகுதியிலிருந்து இதைத் தொடங்குவதே முறை. சிறாரின் முகம் தெரியும் காணொலி பரவினால் அதை உடனே நீக்கவைக்கவும், பரப்பியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் காவல் துறையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இணைந்த ஓர் ஏற்பாடு வேண்டும். மத்திய அரசு, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறாருக்கான பிரிவுகளையாவது முன்கூட்டியே நடைமுறைப்படுத்த வேண்டும். இவற்றைச் செய்து முடித்த நிர்வாகத்துக்கும் சமூகத்துக்கும்தான் மாணவரைப் பார்த்து ‘இவ்வளவு நேரம் போதும், கீழே வை’ என்று சொல்லும் தகுதி உண்டு. அப்படிச் சொல்பவரின் சொல்லைப் பிள்ளைகள் கேட்கவும் செய்வார்கள்.