தோமாவின் எலும்பும் எங்கள் எலும்பும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பரங்கிமலை. சின்ன வயதில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஆயா என்னை அங்கே கூட்டிப் போவார். அர்மீனிய வணிகர் உஸ்கான் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகளில் செருப்பில்லாமல் ஏறுவோம். மேலே கோயிலில் தோமாவின் எலும்புத் துண்டு ஒன்று கண்ணாடிக்குள் இருக்கும். ஆயா கண்ணாடியைத் தொட்டு, அந்த விரலை என் நெற்றியில் வைப்பார். இறங்கும்போது படியோரத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த மண்ணைக் குழைத்து நெற்றியில் பூசுவார்.

அதை ஆயாவின் கிராமத்து நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளைப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. 1290களில் இந்தக் கடற்கரைக்கு வந்த அந்த வெனிஸ் வணிகர், தோமா இறந்த இடத்துச் சிவப்பு மண்ணை மக்கள் எடுத்துப்போய்க் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுநூறு ஆண்டுப் பழக்கம் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் அதே குறிப்புகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. திருத்தலங்களில் விற்கும் புத்தகங்களில் நான் அதைப் பார்த்ததில்லை.

இந்நாட்டில் மாட்டை வணங்குகிறார்கள், மாட்டிறைச்சி உண்பதில்லை, ஆனால் ஒரு கூட்டத்தார் மட்டும் தானாகச் செத்த மாட்டின் இறைச்சியை உண்கிறார்கள் என்கிறார் போலோ. அவர்களைக் 'கோவி' என்று குறிப்பிடுகிறார். தோமாவைக் கொன்றது அவர்களின் முன்னோர்தானாம். காட்டில் மயில்களுக்கு நடுவே தோமா செபம் செய்துகொண்டிருந்தபோது, மயிலுக்கு ஒருவன் விட்ட அம்பு தவறி அவர் விலாவில் பாய்ந்ததாம். (ஊர்ப் பெயர் மயிலாப்பூர் என்பதை நினைவில் வையுங்கள்.) அதனால் அந்தக் குலத்தில் பிறந்த எவராலும் தோமாவின் உடல் இருக்கும் இடத்துக்குள் நுழைய முடியாதாம். பத்திருபது பேர் சேர்ந்து இழுத்தாலும் உள்ளே கொண்டுபோக முடியாதாம். புனித உடலின் சக்தி அவர்களை ஏற்பதில்லையாம். அதே கல்லறைக்கு இசுலாமியர்களும் வந்து வணங்கியதை அவரே சொல்கிறார். கடல் கடந்து வந்தவர்களுக்குத் திறந்திருந்த கல்லறை, இந்த மண்ணின் ஒரு கூட்டத்துக்கு மட்டும் மூடிக்கிடந்திருக்கிறது.

செத்த மாட்டை உண்ணும் கூட்டம் என்றால் யார் என்று நமக்கு விளக்கம் தேவையில்லை. 1948இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்டதைத் தீண்டாமையின் வேரோடு இணைத்துப் பேசுகிறார். போலோவின் குறிப்பு அதற்கு ஒரு சிறு சான்றாகவே எனக்குப் படுகிறது. முதலில் ஒரு கூட்டத்தை ஒதுக்குகிறார்கள். ஒதுக்கியதற்குக் காரணம் வேண்டுமே, ஒரு கொலைப்பழி செய்கிறார்கள். பிறகு புனிதரின் எலும்பே அவர்களை வெறுக்கிறது என்கிறார்கள். வாசலில் காவலுக்கு நின்ற மனிதர்கள் கதையில் காணாமல் போய்விடுகிறார்கள். எத்தனை வசதி!

பிற்காலத்தில் இந்தக் கொலைப்பழி பார்ப்பனப் பூசாரியின் மேல் மாற்றப்பட்டது. நம் தோழர்கள் சிலருக்கு இந்த வடிவம் பிடித்துப்போய் மேடைகளிலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. தோமா இங்கே வந்தாரா என்ற சண்டையிலும் இல்லை. அவர் எலும்புகள் நான்காம் நூற்றாண்டிலேயே எடெசாவில் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1258இல் அவை இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் போயின. சாந்தோமிலும் பரங்கிமலையிலும் இருப்பவை துண்டுகள். எலும்பு யாருடையதாக இருந்தாலும், அதைச் சுற்றிக் கட்டப்பட்ட சுவர் யாருக்கு எதிரானது என்பதே என் கேள்வி.

தேவசகாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை ஊழியர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார், உண்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தி, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். காட்டில் வீசப்பட்ட உடலின் எச்சங்களைப் பொறுக்கி எடுத்துக் கோட்டாறு கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. பலர் எழுதி, கேட்டு, வாதாடிப் பெற்ற நீக்கம் அது. சாதியை விட்டதற்காகச் செத்தவரின் பெயரிலிருந்து சாதியை எடுக்க 270 ஆண்டுகள்!

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் பின்னர் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனியாக இரண்டு நீள்கூடங்களோடு கோயில் கட்டினார்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். இடையில் சுவர். ஒரே பூசை, ஒரே குரு, ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாம். 1910இல் கௌசானல் என்ற சேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். இடிக்க முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரு குரு நினைத்தார், இடித்தார்.

பிறகு ஏன் கல்லறைச் சுவர்கள் நிற்கின்றன? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைப் பிரிக்கும் சுவரைப் பற்றி எத்தனை முறை எழுதியாயிற்று! எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு 2008 மார்ச் மாதம் எத்தனை வீடுகள் தாக்கப்பட்டன! அன்றைய துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அங்கே பிணம் போகும் பாதையும் வேறு, புதைக்கும் இடமும் வேறு.

செங்கல்பட்டுப் பக்கம் ஆயாவின் ஊரிலும் இதேதான். பெயரைச் சொல்லவில்லை, அங்கே இன்னும் என் உறவுகள் வாழ வேண்டும். ஆயா இறந்தபோது சவ வண்டி கேட்டோம். பழுது என்றார்கள். மறு வாரம் ஊர்க்காரர் ஒருவர் செத்தார், அதே வண்டி ஓடியது.

"சங்கிகள் கோயிலை உடைக்கும் நேரத்தில் இதைப் பேசலாமா?" என்று பங்குப் பேரவை நண்பர் ஒருவர் கேட்டார். இந்த நேரத்தில்தான் பேச வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதவர்களைப் பட்டியல் சாதி உரிமையிலிருந்து வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியேதான். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். சூசை, அதாவது யோசேப்பு, ஒரு புனிதரின் பெயர். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப் போதிய சான்று இல்லை என்று கூறி, 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது.

சான்று எங்கே இருக்கிறது? கல்லறைகளில் இருக்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. டெல்லியில் பட்டியல் சாதி உரிமை கேட்கும்போது ஆயர்கள் இந்தச் சான்றை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தக் கோரிக்கை நூறு விழுக்காடு நியாயமானது, நானும் கோடி பிடித்து நடந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லறைகளின் சாவி யாரிடம் இருக்கிறது? அதே ஆயர் இல்லங்களில். அரசிடம் காட்டச் சுவர் வேண்டும் என்பதற்காக அதை விட்டுவைத்திருக்கிறார்களோ என்று கூட எனக்குச் சில நேரம் தோன்றும். கசப்பான எண்ணம்தான்.

ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் எல்லைக்குள் பிரிந்துகிடக்கும் கல்லறைகள், தனிப் பாதைகள், சேரிக்குள் வராத தேர்கள் ஆகியவற்றின் பட்டியலை சூலை 3 தோமா திருநாளில் கோயில் வாசலில் ஒட்டட்டும். எந்தச் சுவர் எந்தத் தேதியில் இடிக்கப்படும் என்று அதில் எழுதட்டும். மறுக்கும் பங்கில் திருவிழாவுக்குக் கொடியேற்ற மாட்டோம் என்று ஆயர் சொல்லட்டும். இதற்கு ரோமின் அனுமதி தேவையில்லை, டெல்லியின் அனுமதியும் தேவையில்லை.

ஆயாவை நாங்கள் தோளில் தூக்கிப் போனோம். வரப்பைச் சுற்றிப் போகும் பாதை, ஐப்பசி மழையில் முழங்கால் வரை சேறு. குழிக்குள் இறக்கும் முன் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆயா கடைசியாகப் பரங்கிமலையிலிருந்து கொண்டுவந்த மண்ணை அவர் நெஞ்சின் மேல் தூவினார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் செபமாலை சொன்னோம். அந்தப் பக்கம் பளிங்குச் சிலுவைகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.