விடியும் வரை எண்ணிய வாக்குகள்

2018-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் இரவு மத்தியப் பிரதேசத்தில் நன்கு உறங்கியோர் சிலராகவே இருத்தல் வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வாக்கு எண்ணிக்கை மாலையில் முடிந்துவிடும் என்றே யாவரும் எண்ணியிருந்தனர். அன்றே எண்ணப்பட்ட சத்தீஸ்கர், தெலங்கானா ஆகியவற்றில் யார் ஆள்வார் என்பது பகலிலேயே தெளிவாகிவிட்டது. நம் மாநிலத்தில் மட்டும் விளக்கேற்றும் நேரம் வந்தது, இரவு உணவு முடிந்தது, நள்ளிரவும் கடந்தது, முடிவு வந்தபாடில்லை. அரசியல் பேச்சே ஆகாது என்றிருக்கும் நம் அன்பர் சிலரின் இல்லங்களிலும் அன்று தொலைக்காட்சிப் பெட்டி ஓயவில்லை.

மொத்தம் 230 இடங்கள். ஆட்சி அமைக்க வேண்டியவை 116. காலை முதல் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் நூற்றுப்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு கட்சி 112 என்று அறிவிப்பாளர் உரக்கக் கூறி மூச்சு வாங்குவதற்குள் திரையின் மறு மூலையில் அது 109 ஆகியிருக்கும். பட்டாசு வாங்கி வைத்திருந்த இரு சாராரும் அதனைக் கொளுத்துவதா, பத்திரப்படுத்துவதா என்று அறியாது நின்றனர். இரவே காங்கிரஸ் தலைவர் திரு. கமல்நாத் ஆட்சி அமைக்க உரிமை கோரி ஆளுநருக்குக் கடிதம் விடுத்தார். அப்பொழுதும் எண்ணிக்கை முற்றுப்பெறவில்லை.

இத்தகைய இரவுகளில் நம்மை அலைக்கழிப்பது 'முன்னிலை' என்னும் சொல்லே. அதனைச் சற்று விளங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீரும். எண்ணும் கூடத்தில் வழக்கமாக ஒரு தொகுதிக்குப் பதினான்கு மேசைகள் இடப்படுகின்றன. தபால் வாக்குகளை முதலில் எடுத்து, அரைமணி கழித்து இயந்திரங்களைத் திறக்கின்றனர். முதற்சுற்றில் 1 முதல் 14 வரை எண்ணுள்ள சாவடிகளின் இயந்திரங்கள். அடுத்த சுற்றில் அடுத்த பதினான்கு. இருநூறு சாவடிகள் உள்ள தொகுதியாயின் பதினைந்து சுற்றுகள் ஆகும். சாவடிகளின் எண் வரிசையோ ஊரின் போக்கை ஒட்டிச் செல்வது. பழைய கடைவீதிச் சாவடிகள் ஒரு சுற்றில் வரும். புதிய குடியிருப்புகள் மற்றொரு சுற்றில் வரும். ஊர்ப்புறத்துக் கிராமங்கள் இறுதியில் வரலாம். ஆதலின் ஐந்தாம் சுற்றில் நாலாயிரம் வாக்கு முன்னிலை என்பதற்கு, அவருக்குச் செல்வாக்குள்ள தெருக்கள் முன்னே வந்துவிட்டன என்பதற்கு மேல் பொருள் இல்லாமலும் போகலாம். தொகுதியின் நில அமைப்பை அறிந்த உள்ளூர்க்காரர் அமைதியாகத் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார். அறியாதவரே துள்ளிக் குதிப்பர்.

அவ்விரவு ஏன் அத்துணை நீண்டது என்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு சுற்றின் முடிவையும் வேட்பாளரின் முகவர்களுக்கு எழுத்தில் கொடுத்த பின்னரே அடுத்த சுற்றைத் தொடங்குதல் வேண்டும் என்னும் ஏற்பாடு அம்முறை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. முகவர்கள் தம் கையிலுள்ள சாவடிக் கணக்குப் படிவத்தோடு இயந்திரம் காட்டும் மொத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவர். அன்றியும், தொகுதிக்கு ஒரு சாவடியைக் குலுக்கலில் தேர்ந்து, வாக்காளர் கண்ணுக்குத் தெரிந்து விழும் தாள்களையும் கையால் எண்ணவேண்டியிருந்தது. (அந்த ஒன்றை ஐந்தாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2019 ஏப்ரலில்.) கண் எரிய விழித்திருந்தவர்கள் இத்தாமதத்தைச் சபித்தனர். நாம் அவ்வாறு சபிக்கமாட்டோம். நூறு வாக்கில் முடிவு தொங்கும்பொழுது, கையெழுத்தில்லாத விரைவைக் காட்டிலும் கையெழுத்துள்ள தாமதமே தோற்றவனையும் வீட்டுக்கு அனுப்பவல்லது.

நூறு வாக்கு என்றது மிகையன்று. குவாலியர் தெற்குத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் திரு. பிரவீண் பாடக் பெற்றவை 56,369. அமைச்சராயிருந்த பாரதிய ஜனதாவின் திரு. நாராயண் சிங் குஷ்வாஹா பெற்றவை 56,248. வேறுபாடு 121. சுவாஸ்ராவில் 350 வாக்குகளும், ஜபல்பூர் வடக்கில் 578 வாக்குகளும் காங்கிரசுக்கு வெற்றியளித்தன. தமோவில் நிதியமைச்சராயிருந்த திரு. ஜயந்த் மலையா 798 வாக்குகளில் தோற்றார். ஜாவ்ராவில் பாரதிய ஜனதாவும் அதே போன்ற நூலிழையில், 511 வாக்குகளில், தப்பியது. மறுநாள் காலையில் முழுக்கணக்கு வந்தபொழுது காங்கிரசுக்கு 114, பாரதிய ஜனதாவுக்கு 109, பகுஜன் சமாஜுக்கு 2, சமாஜ்வாதிக்கு 1, சுயேச்சைகளுக்கு 4. பெரும்பான்மைக்கு இரண்டே இடம் குறைவு! குவாலியர் தெற்கும் சுவாஸ்ராவும் ஜபல்பூர் வடக்கும் தமோவும் மறுபுறம் சாய்ந்திருந்தால் 113-க்கு 110 என்று அது தலைகீழாகியிருக்கும். அந்நான்கு தொகுதிகளின் வேறுபாடுகளையும் கூட்டினால் 1,847 வாக்குகள்.

மற்றொரு விந்தையையும் கூறவேண்டும். மாநிலம் முழுவதும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் பாரதிய ஜனதாவே முன்னே நின்றது. அக்கட்சிக்கு 1,56,42,980, காங்கிரசுக்கு 1,55,95,153. ஏறத்தாழ நாற்பத்தெட்டாயிரம் வாக்குகள் மிகுதியாகப் பெற்ற கட்சி ஐந்து இடங்கள் குறைவாகப் பெற்றது. நம் தேர்தல் முறையில் வாக்குகளின் மொத்தத்தைக் காட்டிலும், அவை எத்தெருவில், எத்தொகுதியில் விழுந்தன என்பதே ஆட்சியை நிருணயிக்கிறது.

டிசம்பர் 12 அன்று முதலமைச்சர் திரு. சிவராஜ் சிங் சௌஹான் பதவி விலகினார். 17 அன்று திரு. கமல்நாத் பதவியேற்றார். பதினைந்து திங்களில், 22 சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதால், 2020 மார்ச்சில் அவ்வாட்சி வீழ்ந்து திரு. சௌஹானே மீண்டும் வந்தார். விலகியவருள் 350 வாக்கில் வென்ற சுவாஸ்ரா உறுப்பினரும் ஒருவர். விடிய விடிய எண்ணியதெல்லாம் வீணாயிற்றே என்று அந்நாளில் பலர் நொந்துகொண்டனர். அது வேறு கதை. அதன் நியாய அநியாயத்தை உரைக்க இப்பத்தி இடமன்று. எந்தக் கட்சி வருதல் வேண்டும் என்று கூறுவதும் நம் சங்கத்தின் பணியன்று.

நாம் கூற விழைவது பிறிதொன்று. அவ்விரவில் விழித்திருந்த நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் அந்நவம்பர் 28-ஆம் நாள் வாக்களித்திருந்தனர்? கணக்கு நம்மிடம் இல்லை. ஆயினும் விரல்களில் மையைத் தேடிப் பார்த்தவர்களுக்கு விடை ஒருவாறு தெரியும். இருபது ஆண்டுகளாக இங்கே வாழ்கிறோம். நம் பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளிகளில் இந்தியில் கட்டுரை எழுதிப் பரிசு பெறுகின்றனர். குழாயில் நீர் வராவிடில் நாமும்தான் குடத்தோடு நிற்கிறோம். வாக்காளர் பட்டியலில் மட்டும் நாம் இன்னும் கும்பகோணத்திலோ அம்பாசமுத்திரத்திலோ குடியிருக்கிறோம். ஆக, அங்கும் வாக்களிப்பதில்லை, இங்கும் வாக்களிப்பதில்லை. ஒரு சாவடியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பதிவாயிருப்பர் எனின், 121 என்பது அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. நம் போன்ற வெளிமாநிலத்தார் நிறைந்த குடியிருப்புகள் குவாலியரிலும் ஜபல்பூரிலும் போபாலிலும் எத்தனை!

"சொந்த ஊரில் வீடு இருக்கிறதே, அங்கே பெயர் இருப்பதுதானே முறை?" என்று கேட்பவர் பலர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஓரிடத்தில் வீடு வைத்திருப்பது ஒன்றினாலேயே ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. சில நாள் வெளியூர் சென்றதனால் ஒருவர் தம் இடத்தை இழப்பதில்லை என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. எனவே மகன் வீட்டில் இரண்டு திங்கள் தங்க வந்த தாய்தந்தையர் அஞ்சவேண்டா. ஆனால் உத்தியோகம், குடித்தனம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இங்கே என்றானவர் இவ்வூர்க்காரரே. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருத்தலைச் சட்டம் தடுக்கிறது. அறிந்தே பொய்யுறுதி அளித்தால் தண்டனையும் உண்டு.

இதற்கு மறுப்பு இல்லாமலில்லை. நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு இரவு ரயிலில் பயணம் செய்து திருநெல்வேலிச் சீமையிலுள்ள தம் கிராமத்தில் வாக்களித்துத் திரும்புவார். "என் பாட்டன் பெயர் இருந்த பட்டியலில் என் பெயரை நானே அடிப்பதா?" என்பார். அவரை நாம் வணங்குகிறோம். தமிழகத்திலும் வாக்கின் அருமை குறைந்ததன்று. 2016-இல் இராதாபுரம் 49 வாக்குகளில் முடிந்து நீதிமன்றம் வரை சென்றது. 2021-இல் சென்னை தியாகராய நகர் 137 வாக்குகளில் முடிந்தது. அவரைப்போல் ரயிலேறும் உறுதி உள்ளவர் அங்கேயே பெயரை வைத்துக்கொள்ளட்டும். ஊரோடு அவர் கொண்ட தொடர்பு அறுபடாதது. ரயிலேறாதவர் அவரைக் காட்டித் தப்பிக்கலாகாது.

இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் வசதி வரும் என்று காத்திருப்பவர்களும் உளர். படைவீரர்களுக்குத் தபால் வாக்கு உண்டு. பிழைப்பைத் தேடி வந்த நமக்கு அது இல்லை. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் ஒரு புதிய இயந்திரத்தை அறிவித்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் வேட்பாளர் பட்டியலைக் காட்டவல்லது அது. 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளை அழைத்து விளக்கமும் அளிக்க முற்பட்டது. எதிர்க்கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின. வெளியூரில் இருப்பவர் யார் என்று வரையறுப்பது எங்ஙனம், தொலைவிலுள்ள சாவடிகளில் முகவரை அமர்த்துவது எங்ஙனம் என்பவை நியாயமான கேள்விகளே. அத்தகைய இயந்திரத்தை நம்பி இவ்வூர்ப் பதிவை ஒத்திப்போடுவது, மழை வரும் என்று குடத்து நீரைக் கவிழ்ப்பதை ஒக்கும்.

பதிவு செய்யச் சென்றவர்களின் இடர்களையும் நாம் அறிவோம். தமிழரின் பெயர் இந்தியில் ஏறும்பொழுது படும் பாடு சொல்லி மாளாது. 'ழ'கரம் அவர்கள் கையில் 'ஜ' ஆகி, அழகன் அஜகன் ஆகிறார். முன்னெழுத்தை என் செய்வதென்று அறியாது, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி, மனைவிக்கும் மாமனார் பெயரையே சூட்டிவிடுகின்றனர். அன்பர் ஒருவரின் ஊர்ப்பெயரே அவர் தந்தையாகப் பதிவாயிற்று! நகைப்புக்குரியதே எனினும், வாக்களிக்கும் நாளில் அடையாள அட்டையோடு பெயர் ஒவ்வாவிடில் நகைப்பு மறைந்துவிடும். ஆகவே படிவத்தில் இந்தி எழுத்துகளை நாமே தெளிவாக எழுதிக் கொடுத்தலும், வரைவுப் பட்டியல் வெளியானவுடன் ஒருமுறை படித்துப் பார்த்தலும் நலம். தமிழ் எழுதவும் படிக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், இவ்வொரு காரியத்தில் அவர்களிடம் இந்தி கற்கலாம்.

குடிபெயர்ந்தவர்க்குப் படிவம் 8. பதினெட்டு நிரம்பிப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் படிவம் 6. முன்பு ஜனவரி முதல் தேதி ஒன்றே வயதுக்குரிய நாளாயிருந்தது. இப்பொழுது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகியவற்றின் முதல் தேதிகளும் கணக்கிற்கு வருகின்றன. தேர்தல் அறிவிக்கப்பட்டு வேட்புமனுவின் இறுதி நாள் கழிந்துவிட்டால் அத்தேர்தலுக்குப் பெயர் சேர்க்க இயலாது. எனவே சுவரொட்டியைக் கண்ட பின் ஓடுவது பயனில்லை.

இத்திங்கள் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க நூலகத்தில் இப்படிவங்களை நிரப்பித் தர இளைஞர் நால்வர் இருப்பர். கைப்பேசி வழியே அனுப்பவும் உதவுவர். இப்பொழுதுள்ள வாக்காளர் அட்டை, இவ்வூர் முகவரிக்குச் சான்று, வண்ணப் புகைப்படம் ஆகியவற்றோடு வருக. வீட்டிலுள்ள பெண்மணிகளின் அட்டைகளையும் மறவாது கொணர்க. சென்ற முறை வந்தவருள் பெரும்பாலோர் தம் அட்டையை மட்டுமே எடுத்து வந்தனர்.