டிபன் டப்பாவும் தனிப்பந்தியும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டிலும் பாடத்திட்டம் வைக்காமல், அதன் போக்கில் கற்கவிட்டு வளர்ப்பதை ‘அன்ஸ்கூலிங்’ என்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் ஹோல்ட் 1977இல் தொடங்கிய சிற்றிதழ் வழியாகப் பரவிய சொல் இது. சென்னையிலும் இப்படி வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அவர்களுக்கு ஒருவரையொருவர் விட்டால் வேறு ஆளில்லை. பிள்ளைக்கு விளையாட்டுத் துணை வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்ய 14 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது போன்ற விவரங்களை, முன்னே போனவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. ஒரு ஜமுக்காளமும் நாலு டிபன் டப்பாவும் இருந்தால் கூட்டம் கூடிவிடும்.

இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவானது பள்ளியை விட்டு வந்தது ஒன்றுதான். வந்த காரணங்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கும். காலை வழிபாட்டில் கைகூப்பச் சொன்னது பிடிக்காமல் வந்தவர் ஒருவர். பள்ளி நேரத்தில் சந்தியாவந்தனமும் சுலோகமும் அடிபட்டுப்போகின்றன என்று வந்தவர் இன்னொருவர். பைபிள் வாசிப்போடு நாளைத் தொடங்க விரும்புபவரும், ஐந்து வேளைத் தொழுகையை ஒட்டி நாளை அமைப்பவரும், சாமி என்ற சொல்லே வீட்டில் புழங்காத சுயமரியாதைக் குடும்பமும் அதே ஜமுக்காளத்தில் உட்காரலாம். பள்ளியில் சச்சரவு வந்தால் தீர்த்துவைக்கத் தலைமையாசிரியர் உண்டு. அந்த அதிகாரமே வேண்டாம் என்று வந்தவர்களின் கூட்டத்தில் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் இடமில்லை.

சட்டமும் இந்தப் பிளவுக்குத் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அதன் பிடியிலிருந்து விலக்கியது. வீட்டிலிருந்தே கற்கும் பிள்ளைக்கு அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை. ஆக, வேதம் ஓதப் போகும் பையனின் அப்பாவுக்குக் காலடியில் இருக்கும் உறுதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்திகருக்கு இல்லை. ஹோல்ட்டின் நாட்டிலும் இந்த முடிச்சு விழுந்தது. 1980களில் சுவிசேஷக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருமளவில் வீட்டுக்கல்விக்கு வந்த பிறகு, விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டால்தான் சேர்க்கை என்று சொன்ன குழுக்கள் தோன்றின. மற்றவர்கள் தனியாகக் கூடினார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான அனுபவம் நூறாண்டு பழையது. அரசுப் பள்ளிக்கு மாற்றாகத் தேசியக் கல்வி தர 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலம் திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்திருந்தது. பல சாதியாரிடமிருந்தும் நன்கொடை வந்தது. ஐயர் தாமே எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடுபவர். ஆனால் பிராமணச் சிறுவர்கள் இருவருக்கு மட்டும் தனிப்பந்தி. அவர்களைச் சேர்க்கும்போது பெற்றோர் கேட்டதற்கு ஐயர் கொடுத்திருந்த வாக்கு அது.

விஷயம் வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் எழுதினார். அப்போது காங்கிரசில் இருந்த பெரியார் எதிர்ப்பில் முன்னின்றார். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தி எதற்கு என்பது கேள்வி. வாக்குக் கொடுத்தாகிவிட்ட இரு சிறுவர்களை விட்டுவிடலாம், இனி அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்று 1925இல் காந்தி சொன்ன சமரசம் எடுபடவில்லை. காங்கிரஸ் கமிட்டியே இரண்டுபட்டது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனில் பாபநாசம் பக்கத்து அருவியில் சிக்கிய மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிரிழந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் உடனடிக் காரணம் என்றாலும், குருகுலத்துக் கசப்பு அதற்குள் ஊறியிருந்தது.

இதைப் பிராமணர்–அல்லாதார் அரசியலின் ஓர் அத்தியாயமாகப் படிப்பதே வழக்கம், அது சரியும்கூட. கல்விக் குழுவின் கதையாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். குருகுலத்தை உடைத்தது கடவுள் பற்றிய விவாதம் அல்ல; அப்படியொரு விவாதம் அங்கே நடந்ததாகவே தெரியவில்லை. இரண்டு பெற்றோருக்குத் தெரிந்த ஏற்பாடு மற்றப் பெற்றோருக்கும் பணம் கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. இந்த மண்ணில் மத வேறுபாடு பெரும்பாலும் சாப்பாட்டு வழியாகத்தான் வரும்; வரும்போது சாதியையும் கைபிடித்து அழைத்துவரும்.

எனவே பூங்காவில் கூடும் குழு முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது சலுகையின் தன்மையை. “என் பொண்ணு முட்டை போட்ட கேக் சாப்பிட மாட்டா” என்று ஓர் அம்மா சொல்வது தன் பிள்ளைக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. முட்டையில்லாத ஒரு துண்டு தனியாக வைத்தால் முடிந்தது. “அவங்க டப்பாவை இவ பக்கத்துல திறக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்பது அடுத்த வீட்டுப் பிள்ளையை ஒரு படி கீழே இறக்குவது. சேரன்மாதேவியில் கேட்கப்பட்டது இரண்டாவது வகை. முதல் வகையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டாவதை ஒருவருக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. எந்தச் சலுகையானாலும் எல்லோர் காதிலும் விழும்படி, சேரும் நாளிலேயே பேசிவிட வேண்டும். ஒருங்கிணைப்பவர் நல்லெண்ணத்தில் ஒருவரிடம் தனியாகக் கொடுக்கும் வாக்குதான் பின்னால் வெடிக்கும். ஐயரிடம் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை.

வழிபாட்டில் எளிதாகத் தோன்றும் தீர்வு, எல்லா மதப் பிரார்த்தனைகளையும் வரிசையாகச் சொல்வது. அடையாறு பிரம்மஞான சபையின் மாநாடுகளில் அது மரபு. அந்த வளாகத்துக்குள் கோயிலும் தேவாலயமும் மசூதியும் பௌத்த ஆலயமும் தனித்தனியே நிற்கின்றன. பல மதத்தார் கூடும் சபைக்கு அது பொருந்தும். சுயமரியாதைக் குடும்பம் இருக்கும் குழுவில் எட்டுப் பிரார்த்தனை சொன்னாலும் ஒரு பிள்ளை வெளியேதான் நிற்கும். சென்னையில் நாத்திகம் விதிவிலக்கு அல்ல, அதுவும் வீட்டு வழக்கம்தான். கூட்டத்தில் பிரார்த்தனையே இல்லாதிருப்பது இதைவிட நேர்மையானது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில்கூட, பாதுகாவலர் சம்மதமின்றிச் சிறுவரை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. தாங்களாகக் கூடும் பெற்றோர் அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

அதற்காகப் பண்டிகைகளை ஒளித்துவைக்க வேண்டாம். நவராத்திரியில் வடக்கு மாட வீதியின் கொலு பொம்மைக் கடைகளையும், டிசம்பரில் சாந்தோம் தேவாலயத்தையும் பார்க்காத குழந்தை மயிலாப்பூரைப் பாதிதான் பார்த்திருக்கும். கொலு வைக்கும் வீடு எல்லோரையும் கூப்பிடட்டும். போவதும் போகாததும் அவரவர் இஷ்டம். கூப்பிடுவது வீட்டின் பெயரில் இருக்க வேண்டும், குழுவின் பெயரில் வேண்டாம். சுண்டல் செலவும் அந்த வீட்டுடையது. குழுவின் பொதுப்பணம் ஜமுக்காளத்துக்கும் பந்துக்கும் புத்தகத்துக்கும் மட்டும். ஐயாயிரம் ரூபாய்ப் பொதுப்பணம் இல்லாதிருந்தால் சேரன்மாதேவிச் சண்டை அவ்வளவு தூரம் போயிருக்காது.

பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்வது வேறு கணக்கு. “உங்க வீட்ல சாமியே இல்லியா?” என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால், கேட்கப்பட்ட பிள்ளை தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விடும். அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போய் இரவில் தொலைபேசியில் விசாரிப்பவர்கள் பெரியவர்கள்தான்.