காது ஊரில்; கை எங்கே?

உச்சிப்பொழுது. உண்டு முடித்த உழவன் திண்ணையிலே சாய்ந்திருக்கிறான். தூளியிலே குழந்தை உறங்குகிறது. திடீரென ஓர் ஊதல். அடுத்த நொடி, இடி விழுந்தாற்போல் அதிர்ச்சி! ஓடு குலுங்குகிறது, குழந்தை வீரிடுகிறது, கொட்டிலில் கட்டிய மாடு மிரண்டு கயிற்றை இழுக்கிறது. வானத்திலே மேகமில்லை. இடித்தது வானமன்று, ஊர்ப்புறத்துக் கல்குவாரி! வேட்டு ஓய்ந்தால் துளைபோடும் எந்திரத்தின் இரைச்சல். அது ஓய்ந்தால் ஜல்லி அரைக்கும் ஆலையின் ஓலம். அதுவும் அடங்கினால் லாரிகளின் அணிவகுப்பு. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இதுவே அன்றாட வாழ்வு.

சட்டம் இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே, ஒன்றுக்கு மூன்றாக உண்டு! குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரலாகாது என்கின்றன தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகள். குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் தாண்டலாகாது என்கின்றன மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு விதிகள். வேட்டின் அதிர்வு வீட்டுச் சுவரை எவ்வளவு அசைக்கலாம் என்பதற்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் 1997இல் வரம்பு கட்டியிருக்கிறது. அதிர்வின் தன்மைக்கேற்ப, நொடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை.

ஏட்டிலே வரம்பு இருக்கிறது. வீட்டிலே அமைதி இல்லை. ஏன்?

முதற் காரணம், அளவுகோல். 55 டெசிபல் என்பது ஒரு நொடியின் உச்சமன்று, காலத்தின் சராசரி. பகல் என்று விதி குறிப்பதோ காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. ஒரு நொடி வெடித்த வேட்டு, பதினாறு மணி நேரத்தோடு கலந்து கணக்கிடப்படும்போது சிறுத்துப்போகிறது. கணக்கில் சிறுத்தாலும், தூளியில் கிடக்கும் குழந்தைக்கு அது சிறுப்பதில்லையே! சராசரியிலா மனிதன் திடுக்கிடுகிறான்?

இரண்டாவது காரணம், பெரிய காரணம், அதிகாரம். குத்தகை தருபவர் மாவட்ட ஆட்சியர். ஒலி மீறலை விசாரிக்கும் உரிமை, மாவட்ட நிர்வாக நடுவர், காவல் ஆணையர், காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி என்று பெரிய நாற்காலிகளுக்கே. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககமோ மத்திய அரசின் கையில். ஓட்டு வாங்கி வந்த ஊராட்சித் தலைவருக்கு என்ன உண்டு? மனு எழுதும் உரிமை உண்டு! 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், ஊராட்சிகளுக்கென 29 பொருள்களைப் பட்டியலிட்டது. நூலகம் உண்டு, சந்தை உண்டு, சுகாதாரம் உண்டு, கனிமம் இல்லை. ஊரைக் காக்கும் பொறுப்பைத் தந்தவர்கள், ஊரைக் குலுக்கும் வேட்டைப் பற்றிப் பேச வாய் தரவில்லை.

இது முடியாத காரியமா? 1996ஆம் ஆண்டுச் சட்டம், அட்டவணைப் பகுதிகளாகிய பழங்குடி நிலங்களில், சிறு கனிமக் குத்தகைக்கு முன் கிராம சபையின் அல்லது ஊராட்சியின் பரிந்துரை கட்டாயம் என்று விதித்தது. தமிழகத்தில் அட்டவணைப் பகுதி ஏதும் இல்லை. ஆகவே அந்த உரிமை நம் எல்லைக்குள் வரவில்லை. ஆனால் தில்லியின் வாயிலில் காத்து நிற்கவும் தேவையில்லை. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சிறு கனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலத்திடமே ஒப்படைத்திருக்கிறது. பூட்டும் இங்கே, சாவியும் இங்கே!

"கல் இல்லாமல் சாலை ஏது, வீடு ஏது?" என்பர். உண்மை. கல்லுடைத்துக் கஞ்சி குடிக்கும் தோழனின் பிழைப்பும் நம் கவலைதான். குவாரியை மூடு என்பதன்று நம் வழக்கு. ஊரைக் கேள் என்பதே வழக்கு. "ஊராட்சியைப் பணக்காரன் விலைக்கு வாங்கிவிடுவான்" என்றும் அச்சுறுத்துவர். மூடிய அறையில் ஒரு அதிகாரியைச் சரிக்கட்டுவதைக் காட்டிலும், ஆலமரத்தடியில் கூடிய ஊர் முழுவதையும் சரிக்கட்டுவது அரிதன்றோ?

எனவே நாம் வேண்டுவன நான்கு. குத்தகைக்கு முன் கிராம சபையின் ஒப்புதல். வேட்டு வைக்கும் நேரத்தை ஊரே வகுக்கும் உரிமை. ஒலியும் அதிர்வும் அளந்த கணக்கு, சராசரியோடு உச்சமும் சேர்த்து, ஊராட்சி மன்றத்துச் சுவரிலே ஒட்டப்படல். வரம்பு மீறினால் வேலையை அன்றே நிறுத்தி வைக்கும் அதிகாரம்.

மாநிலத்துக்கு உரிமை வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த நியாயம் கோட்டையோடு நின்றுவிடலாகாது; குக்கிராமம் வரை நடந்து செல்லவேண்டும். மேலிருப்பவரிடம் கேட்கும் உரிமையைக் கீழிருப்பவருக்கு மறுப்பவன், உரிமையின் தோழனல்லன். அடுத்த கிராம சபையில், தோழர்களே, இந்த நான்கையும் தீர்மானமாக்குங்கள். அதிர்வைக் கேட்கும் காது ஊரிலே இருக்கிறது. தடுக்கும் கையும் ஊரிலேயே இருக்கட்டும்!