வைகறைப் பூசையும் நள்ளிரவுக் காவலும்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் ஆலயங்கள்தோறும் ஒரு மனக்குறை பேசப்படுவது வழக்கமாகிவிட்டது. "இக்காலத்து இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள், வைகறையில் எழுந்து கோயிலுக்கு வருவதில்லை, பக்தி குன்றிவிட்டது" என்பதே அக்குறை. முன்னே எழுபவர் பக்திமான், பின்னே உறங்குபவர் சோம்பேறி என்னும் இக்கணக்கு, ஒரே சந்நிதியில் நிற்க வேண்டிய அடியார்களை இரு கூறாகப் பிரித்து வைக்கிறது. இக்கணக்கு சரிதானா என்பதை மெய்யன்பர்களும் ஆலயப் பொறுப்பாளர்களும் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

வைகறைத் துயிலெழுதலின் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. சூரிய உதயத்திற்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள் நீடிக்கும் பிரம்ம முகூர்த்தம் வழிபாட்டிற்கும் கல்விக்கும் உகந்தது என்று ஆன்றோர் வகுத்தனர். சந்தடி அடங்கி, காற்றுக் குளிர்ந்து, மனம் தெளிந்திருக்கும் நேரம் அது. அந்நேரத்தில் கோலமிட்டு, விளக்கேற்றி, திருப்பாவையும் திருவெம்பாவையும் ஓதும் மூத்தோர் பலராலேதான் இந்நாட்டு ஆலயங்களில் மார்கழி வழிபாடு இன்றளவும் நிலைபெற்றிருக்கிறது. அவர்களுடைய தொண்டு போற்றுதலுக்குரியது.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. முகூர்த்தம் என்பது சூரியனைக் கொண்டு அமைவதேயன்றிக் கடிகாரத்தைக் கொண்டு அமைவதன்று. மார்கழியில் சென்னையில் காலை 6.20 முதல் 6.35 மணிக்குள் சூரியன் உதிக்கிறது. கோலாலம்பூரிலோ உதய நேரம் ஏறத்தாழ 7.10 முதல் 7.25 வரை. 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. ஆகவே சென்னையில் 4.45 மணியளவில் தொடங்கும் பிரம்ம முகூர்த்தம், கோலாலம்பூரில் 5.35 மணிக்குப் பின்னரே தொடங்குகிறது. தமிழகத்துக் கோயில்களின் நேரத்தை அப்படியே இங்குக் கொண்டுவந்து 4 மணிக்கு மணியடித்தால், அது வைகறைப் பூசையாகாது. இயற்கையின் கணக்கில் அது இன்னும் ஆழ்ந்த இரவே.

முன்னோர் முன்னெழுந்ததற்கான காரணத்தையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ந்த வேளையில்தான். அதனால் தோட்டத்து மக்கள் பொழுது புலருமுன்னரே எழுந்து பெரட்டுக்குச் சென்றனர். பேர் பதிந்து, நிரைக்குச் சென்று, மரம் வெட்டினர். பக்தியோடு பிழைப்பும் சேர்ந்து அவர்களை எழுப்பியது. அந்த எழுச்சியோடு இணைந்ததாகவே தோட்டத்து மாரியம்மன் கோயில் வழிபாடும் அமைந்தது.

இன்று பிழைப்பு மாறிவிட்டது. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஷிப்ட் வேலைக்குச் சென்றனர். இன்று மருத்துவமனைத் தாதியர், துறைமுகத் தொழிலாளர், விமான நிலைய ஊழியர், பாதுகாவலர் எனப் பல்லாயிரவர் இரவில் கண் விழித்துப் பணியாற்றுகின்றனர். ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் செல்வோர் பலர், நெரிசலுக்கு அஞ்சி ஆலயக் கதவு திறக்குமுன்னரே வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். இவர்களுள் முன்னவரை இரவு விழிப்பதற்காகச் சோம்பேறி என்பதும், பின்னவரை விடியற்பூசைக்கு வரவில்லை என்பதற்காகப் பக்தியற்றவர் என்பதும் எவ்வகையில் நியாயம்?

சைவத்தின் பெருநூலாகிய பெரியபுராணம் இதற்கு நல்லதொரு விடை பகர்கிறது. திருக்காளத்தி மலையில் காலையில் வந்து ஆகம முறைப்படி பூசனை புரிந்தவர் சிவகோசரியார். வேடராகிய திண்ணனாரோ இரவு முழுவதும் வில்லேந்திக் கண் துஞ்சாது, விலங்குகள் இறைவனை அணுகாவண்ணம் காவல் நின்றார். பொழுது விடிந்ததும் வேட்டைக்குச் சென்றுவிட்டார். காலையில் வந்தவருக்கு இரவில் நின்றவரின் செயல் பெரும் அபசாரமாகத் தோன்றியது. இறைவனோ அவர் கனவில் தோன்றி வேடரின் அன்பை எடுத்துரைத்து, மறைந்திருந்து காணுமாறு பணித்தான். காலைப் பூசையைத் தள்ளவில்லை; இரவுக் காவலையும் தள்ளவில்லை. ஒருவர் அன்பை மற்றவர் காணும்படி செய்தான். அந்த இரவுக் காவலரே கண்ணப்ப நாயனாராக அறுபத்து மூவருள் வைத்து வணங்கப்படுகிறார்.

ஆலய வழிபாட்டு முறையும் இதையே காட்டுகிறது. உஷக்காலத்தில் தொடங்கும் நித்திய பூசை அர்த்தசாமத்தில்தான் நிறைவுறுகிறது. மகா சிவராத்திரியில் நான்கு காலப் பூசையும் இரவிலேயே நிகழ்கின்றன. வைகுண்ட ஏகாதசிக்கு இரவு கண்விழித்தோரே விடியலில் சொர்க்கவாசலைக் காண்கின்றனர். தைப்பூசத்திற்குத் தலைநகரின் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டுப் பத்துமலைக்குச் செல்கிறது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திற்கு நள்ளிரவை ஒட்டியே பால்குடங்கள் புறப்படுகின்றன. ஆண்டுக்கொருமுறை இரவு விழிப்பைப் புண்ணியம் என்போர், மற்ற நாட்களில் அதே விழிப்பைக் குற்றம் என்பது பொருந்தாது.

அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. உயிரணுக்களுக்குள் ஒரு நாட்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. முன்னெழும் இயல்பும் பின்னுறங்கும் இயல்பும் ஓரளவு பிறவியிலேயே அமைகின்றன. பதின்ம வயதில் அக்கடிகாரம் பின்தங்கும், முதுமையில் முந்தும். எனவே 65 வயது முதியவர் தாமே 4 மணிக்கு விழித்துக்கொள்வதும், 17 வயதுப் பேரன் எழத் தடுமாறுவதும் பக்தியின் ஏற்றத்தாழ்வைக் காட்டுவன அல்ல.

இதனால் இரவு விழிப்பெல்லாம் நன்று என்று பொருளாகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதி செய்தது. பிழைப்புக்காக விழிப்பவர் மீது இரக்கம் வேண்டுமேயன்றி ஏளனம் கூடாது. அதே வேளையில், எப்பணியும் இன்றிக் கைப்பேசியைத் தடவிக்கொண்டே இரவு 2 மணி வரை கிடக்கும் இளைஞர், தம்மை இரவுப் பணியாளரோடு ஒப்பிட்டுக்கொள்வது முறையன்று. அங்கு விழித்திருப்பது கடமையுமன்று, வழிபாடுமன்று. உடலுக்குக் கேடு மட்டுமே.

கவலைக்குரிய மற்றொன்றும் உண்டு. இரவுப் பணி முடித்துக் கண்ணெரியத் திரும்பும் ஒருவர், ஊரார் பேச்சுக்கு அஞ்சி உறங்காமலேயே மோட்டார் சைக்கிளில் விடியற்பூசைக்கு விரைவது பேராபத்து. தூக்கக் கலக்கத்தில் ஒரு கணம் கண் மூடினாலும் சாலையில் உயிர் போய்விடும். அத்தகைய வருகையை எத்தெய்வமும் கேட்கவில்லை.

ஆலய நிர்வாகங்கள் செய்யத்தக்கவை சில உள. மார்கழிப் பூசை நேரத்தை உள்ளூர்ச் சூரிய உதயத்தைக் கணக்கிட்டு, ஆலய அர்ச்சகரைக் கலந்து அமைத்துக்கொள்ளலாம். அர்த்தசாமப் பூசையை ஆளில்லாமல் அவசரமாக முடித்துக் கதவடைக்கும் சடங்காக்காமல், வாரத்தில் ஒரு நாளேனும் பணி முடிந்து வருவோர்க்கு ஏற்ற நேரத்தில் நடத்தி, அதற்கும் உபயகாரர்களைத் தேடலாம். வைகறைப் பொங்கலுக்கு உபயம் ஏற்க முன்வரும் அன்பர்கள், இரவில் பசியோடு வரும் தொழிலாளிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கிடைக்கவும் மனம் வைக்கலாம். திருவிழாத் தொண்டிலும், விடியலில் வர இயலாத இளைஞர்களிடம் இரவுப் பந்தல் வேலையையும் ஊர்வலப் பாதுகாப்பையும் நம்பி ஒப்படைக்கலாம். வேலை கொடுத்து அழைக்கப்பட்ட பிள்ளை ஆலயத்தை விட்டு விலகுவதில்லை. வாசலில் வைத்து வையப்பட்ட பிள்ளையே விலகுகிறான்.

திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் விழித்தெழுந்த பெண்கள், உறங்கும் தோழியை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் நீராடச் செல்வதில்லை. அவள் வாசலில் நின்று அழைக்கிறார்கள். கேலி பேசினாலும் காத்திருந்து கூட்டிக்கொண்டே செல்கிறார்கள். மார்கழி கற்பிக்கும் பாடம் அந்தக் காத்திருத்தலே. முன்னெழுந்தவர் விளக்கேற்றட்டும், பின்னுறங்குபவர் அவ்விளக்கு அணையாமல் காக்கட்டும். பள்ளியெழுச்சிக்கும் பள்ளியறைக்கும் உரிய இறைவன் இரு சாராரையும் ஒருங்கே ஏற்று அருள்வானாக.