வாங்குபவர் வேறு, வாசிப்பவர் வேறு

கொஞ்சம் படிக்கிற ஆள் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போது அந்தக் கேள்வி வந்துவிடும். “பையனுக்குப் பத்து வயசு. தமிழ்ல நல்லதா ஏதாச்சும் சொல்லுங்களேன்.” பக்கத்தில் இலக்கிய வாசகர் யாராவது நின்றிருந்தால் பதிலும் உடனே வரும். ‘பொன்னியின் செல்வன்’ கொடுங்க. இல்லைன்னா ‘குட்டி இளவரசன்’ கொடுங்க.

இரண்டுமே பத்து வயதுக்கான பதில் இல்லை. முதலாவது, 1950-இல் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஓடிய, பெரியவர்களுக்கான தொடர்கதை. ஆழ்வார்க்கடியான் வந்தால் சிரிப்பு உண்டு, வந்தியத்தேவன் குதிரை ஏறினால் சாகசமும் உண்டு. ஆனால் ஐந்து பாகம். பதினான்கு வயதில் அது தானாகவே கைக்கு வந்து சேரும், அவசரமே இல்லை. இரண்டாவது, வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து அழகாகக் கொண்டுவந்த புத்தகம். குழந்தைப் பருவத்தைத் தொலைத்துவிட்ட ஒரு பெரியவரின் ஏக்கம் அது. நமக்குக் கண் கலங்கும். பத்து வயதுப் பிள்ளை இன்னும் எதையும் தொலைக்கவில்லையே, அது எதற்குக் கலங்க வேண்டும்?

என் தொழிலில் இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. அலுவலகங்களில் விடுப்பு போடவும் பயணச் செலவுக் கணக்கு எழுதவும் ஒரு மென்பொருள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பயன்படுத்துகிற எவருக்கும் அதைப் பிடிக்காது. ஆனாலும் வருடா வருடம் விற்கும். காரணம் எளிது. வாங்கக் கையெழுத்துப் போடுகிற மேலாளர் அதைத் தொடவே போவதில்லை. அவருக்குக் காட்டப்படுவது வசதிகளின் பட்டியல் மட்டும். தமிழில் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு வருகிற புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். காசு கொடுப்பவர் அப்பா. பரிந்துரைப்பவர் ஆசிரியர். விருது கொடுப்பவர் நடுவர். வசதிகளின் பட்டியல் பின்னட்டையில் இருக்கும்: சுற்றுச்சூழல் விழிப்புணர்வு, அறிவியல் மனப்பான்மை, பாலினச் சமத்துவம், நட்பின் மேன்மை. கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய ஆளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அதனால்தான் நம் ஊரில் சிறார் நாவலைப் பற்றிய முதல் கேள்வியே “இதுல என்ன கருத்து?” என்று இருக்கிறது. பெரியவர்களுக்கான ஒரு நாவலைக் கையில் எடுத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள், இலக்கிய வட்டத்தில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிள்ளைகளின் புத்தகம் என்றால் மட்டும் இது நியாயமான கேள்வியாகிவிடுகிறது.

கருத்துள்ள புத்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுகிற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டியது. 2020-இல் அதற்குப் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். என் சண்டை புத்தகங்களோடு இல்லை, தட்டோடு. மூன்று வேளையும் கஷாயம் மட்டுமே வைக்கிற வீட்டில் பிள்ளை பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போகும். போய்விட்டது. ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது வயதில் ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’ பக்கம் போய்விடுகிறார்கள், திரும்பி வருவதில்லை. சும்மா போகவில்லை, ஒரு முடிவோடு போகிறார்கள்: தமிழ் என்றால் அறிவுரை, ஆங்கிலம் என்றால் சிரிப்பு. இந்த முடிவை உடைக்க எத்தனை மொழிப்பற்றுச் சொற்பொழிவுகள் வேண்டும்? சொற்பொழிவால் இது உடையவே உடையாது என்பதுதான் வேடிக்கை.

“தமிழில் நகைச்சுவை எழுத வராது” என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். இதைவிடப் பெரிய பொய் கிடையாது. 2001-இல் வந்த ஒரு படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்தது. அப்போது பிறந்தேயிராத பிள்ளைகள் இன்று அந்தக் காட்சியை வசனம் பிசகாமல் நடித்துக் காட்டுகிறார்கள். நாள் முழுக்கத் தமிழில் சிரிக்கிற பிள்ளைகள் இவர்கள். டிங்கிளின் சுப்பாண்டியே திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகளிலிருந்து பிறந்தவன்தானே! சிரிப்பு தமிழில் தாராளமாக இருக்கிறது. புத்தகத்துக்குள் மட்டும் அதற்கு அனுமதி இல்லை. உள்ளே பத்து வயதுப் பையன் தன் நண்பனிடம், “நண்பா, நாம் அந்தக் குகைக்குள் செல்வோமா?” என்று கேட்கிறான். எந்த ஊரில் எந்தப் பையன் அப்படிக் கேட்டான்? “டேய், உள்ள போலாமாடா?” என்று எழுதினால் மொழி கெட்டுவிடுமாம். கெட்டுப்போனது நம் வாசகர் எண்ணிக்கைதான்.

சரி, சிரிப்பினால் என்ன பயன்? பயன் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆர். கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’, 1935. விடுமுறையில் அப்பா பிடித்து உட்கார வைத்து ஒரு மாம்பழக் கணக்குக் கொடுக்கிறார். இத்தனை பழம் இத்தனை அணா என்றால், இத்தனை பழத்துக்கு எவ்வளவு? சுவாமிநாதனுக்கு ஒரே சந்தேகம்: பழங்கள் பழுத்தவையா, காயா? விலை அதைப் பொறுத்ததாயிற்றே! படிக்கிற பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. கொடுக்கப்பட்ட தகவல் போதாது என்று கண்டுபிடித்திருக்கிறான். வேலையில் சேர்ந்து பத்து வருடம் கழித்தும் பல பொறியாளர்களுக்கு வாயில் வராத கேள்வி அது. பெரியவர்கள் போட்ட கணக்கிலேயே ஓட்டை இருக்கலாம் என்று ஒரு பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது. எந்த நீதிக்கதையும் அதைச் சொல்லித் தராது. நீதிக்கதையில் பெரியவர் சொல்வதுதான் எப்போதும் சரி.

பெரியவர்களுக்கு இந்த வகைப் புத்தகங்கள்மேல் இருக்கிற பயமும் இதுதான். ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் பிப்பி, அப்பா அம்மா இல்லாத வீட்டில் ஒரு குதிரையோடும் குரங்கோடும் தனியாக வாழ்கிற ஒன்பது வயதுச் சிறுமி. ஸ்வீடனின் பெரிய பதிப்பகம் ஒன்று 1944-இல் அதைத் திருப்பி அனுப்பியது. மறு வருடம் வேறு பதிப்பகத்தில் வந்தது, பிள்ளைகள் கொண்டாடினார்கள். அமெரிக்காவில் ‘கேப்டன் அண்டர்பேண்ட்ஸ்’ 2012, 2013 இரண்டு வருடங்களிலும் நூலகங்களுக்கு அதிக ஆட்சேபங்கள் வந்த புத்தகங்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜட்டியோடு ஓடுகிற தலைமையாசிரியரைப் பார்த்து இத்தனை பெரியவர்கள் பதறினால், அந்தப் புத்தகம் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது.

நம்மிடம் தடை இல்லை. அதைவிட நாசூக்கான ஒரு முறை இருக்கிறது: நல்ல புத்தகத்தையும் பாடமாக்கிவிடுவோம். ‘டோட்டோ சான்’ கிடைத்தது. அதை மாற்றுக் கல்விக்கான கையேடாக ஆக்கி, ஆசிரியர் பயிற்சிகளில் விவாதித்து, அஞ்சலி செலுத்திவிட்டோம். ஒரு பிள்ளையிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். கழிப்பறைக்குள் விழுந்த பர்ஸைத் தேடி, டோட்டோ மலத்தொட்டியிலிருந்து அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிற பக்கத்தில்தான் அது நிற்கும். அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் கோபிக்கவில்லை. முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். நமக்கு அது கல்வித் தத்துவம். பிள்ளைக்கு அது, பீக்குவியல் பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணும் அவளைத் திட்டாத ஒரு பெரியவரும். பிள்ளை படித்ததுதான் சரியான வாசிப்பு. தத்துவம் அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகப் பிரித்தெடுத்து ஊட்ட வேண்டியதில்லை.

சாகசத்துக்கும் ஒரு விதி உண்டு: பெரியவர்கள் கொஞ்ச நேரம் ஒதுங்கியிருக்க வேண்டும். எரிக் கேஸ்ட்னரின் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’, 1929. பெர்லினுக்குப் போகிற ரயிலில் எமிலின் பணம் திருடுபோகிறது. போலீஸிடம் போகலாமே? போக முடியாது. ஊரில் ஒரு சிலைக்கு மீசை வரைந்துவிட்டு வந்திருக்கிறான், பிடித்துவிடுவார்களே என்று பயம்! அந்தச் சின்னக் குற்றம்தான் முழு நாவலையும் ஓட்டுகிறது. இனி முடிவெடுக்க வேண்டியவர்கள் பிள்ளைகள் மட்டுமே. நம் கதைகளில் என்ன நடக்கும்? மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மாமா வந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்.

தமிழில் இது இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரும்புக்கை மாயாவியைச் சிவகாசியிலிருந்து கொண்டுவந்த முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த ஒரு தலைமுறை இருக்கிறது. வாண்டுமாமா இருந்தார். சிறுவர்மணியில் ஜெயமோகன் எழுதிய ‘பனிமனிதன்’ இருக்கிறது. பனிமனிதனைத் தேடி இமயமலைக்குள் போகிற அந்த நாவல், கனமான விஷயங்களைப் பேசிக்கொண்டே பிள்ளையை ஓட வைக்கும். மலையாளத்திலிருந்து யூமா வாசுகி கொண்டுவந்த ‘மாத்தன் மண்புழு வழக்கு’ இருக்கிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வைத்துக் காலப் பயணம் செய்கிறது. எனக்கு வேண்டியது, பத்து வயதில் ஒன்றை முடித்ததும் “அடுத்தது எங்க?” என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க இன்னும் இருபது. இருபது கிடைப்பதில்லை.

இதில் உண்மையில் அடிபடுவது அபார்ட்மென்ட் பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு விம்பி கிட் இருக்கிறான். அரசுப் பள்ளியில் படிக்கிற, தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தப்பிப்போக வேறு மொழி இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வைத்து வகுப்பறைக்குள் கொண்டுபோனது. நல்ல வேலை. ஆனால் ‘பற’ என்று சொல்லிவிட்ட பிறகு அந்தப் பிள்ளை எங்கே பறக்கும்? குட்டிப் புத்தகங்களை முடித்தவளுக்கு அடுத்து வேண்டியது நூற்றைம்பது பக்க நாவல். இரவில் விளக்கை அணைக்கச் சொன்னாலும் கீழே வைக்க மனசு வராத நாவல். அங்கே நாம் நீட்டுவது பொது அறிவுத் தொகுப்பும் தலைவர்களின் வாழ்க்கை வரலாறும். அவள் வாசிப்பதையே விட்டுவிட்டால், போனைக் குறை சொல்வோம்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் எழுதுகிறவர்கள். சிறுகதைத் தொகுப்பு முடித்த கையோடு ஒரு சிறார் நாவல் முயன்று பாருங்கள். மாமா வேண்டாம், கடைசி அத்தியாயத்தில் பாராட்டு விழா வேண்டாம், பிள்ளைகள் தப்புப் பண்ணட்டும். எழுதாதவர்கள் அடுத்த முறை யாராவது பரிந்துரை கேட்டால், வயதோடு நிறுத்தாமல், “கடைசியா எதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிச்சான்?” என்று கேளுங்கள். பெற்றோருக்கும் நடுவருக்கும் ஒன்றே ஒன்று. பிள்ளை புத்தகத்தை முடித்துவிட்டு வந்தால் “என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்காதீர்கள். அது தேர்வுக் கேள்வி, பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். “எந்த எடத்துல சிரிச்ச? வாசிச்சுக் காட்டேன்” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.