இரண்டே மிதி போதும்!

மோட்டார் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவரைப் பயமுறுத்துவது ஸ்டியரிங் அல்ல, கிளட்சும் கியரும்தான். கால் ஒன்று செய்ய, கை வேறொன்று செய்ய, மேட்டிலே வண்டி பின்னோக்கி உருள, பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்க, அன்றோடு ஆசையைக் கைவிட்டவர்கள் பலர்.

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமாடிக் யந்திரம் முதலில் அமெரிக்கப் பெரிய கார்களுக்குத்தான் வாய்த்தது. எண்ணெயின் சுழற்சியால் இயங்கிய அது கனமானது. எஞ்சினின் சக்தியையும் விழுங்கியது. சின்னக் கார் அதற்கு எங்கே போகும்?

ஹாலந்து தேசத்து ஹ்யூப் வான் டோர்ன் வேறு வழி கண்டார். 1958-ல் வெளிவந்த அவரது டாஃப் 600 காரின் எஞ்சின் வெறும் 590 சி.சி.தான். அதிலே பல்சக்கரங்களை மாற்றும் வேலையே இல்லை. ரப்பர் பெல்ட்டுகளும் கப்பிகளும் அதைச் செய்தன. ஒவ்வொரு கப்பியும் சாய்வான இரு தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். விலகினால் நடுவுக்கு இறங்கும். வேகத்துக்கேற்ப இது தானே நடக்கும். ஓட்டுகிறவருக்கு ஆக்ஸிலேட்டர், பிரேக் என இரண்டே மிதிகள். முன்னே போகவும் பின்னே போகவும் ஒரு சிறு பிடி. அவ்வளவுதான்!

பாராட்டினார்களா? கிழவிகளின் கார் என்று அந்நாட்டாரே கேலி செய்தார்கள். பெல்ட் தேயும் என்றார்கள். தேய்ந்ததும் வாஸ்தவமே. ஆனால் 1968-ல் லண்டனிலிருந்து பம்பாய் வழியாக நடந்த நெடும் பந்தயத்தில் டாஃப் 55 ஒன்று சிட்னி வரை போய்ச் சேர்ந்தது.

1975-ல் டாஃப் கார்த் தொழில் வால்வோ கைக்குப் போயிற்று. 1979-ல் வான் டோர்ன் காலமானார். அவரது யோசனையோ சாகவில்லை. ரப்பருக்குப் பதில் எஃகு பெல்ட் வந்தது. இன்று பல நாட்டுக் கார்களில் அது ஓடுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டரின் உள்ளேயும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் ரப்பர் பெல்ட்டும்தான் இருக்கின்றன. அதையும் “லேடீஸ் வண்டி” என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த வண்டியில்தான் இன்று எத்தனையோ பெண்கள் யாரையும் எதிர்பாராமல் வேலைக்குப் போய் வருகிறார்கள். சிரித்த ஆண்களும் அதிலேயே மார்க்கெட்டுக்குப் போகிறார்கள்!

கியர் போடுவது ஒரு வித்தைதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் வித்தை தெரிந்தவனுக்கு மட்டும் சாலை சொந்தமல்ல. வலுவிழந்த காலுக்கும் நடுங்கும் கைக்கும் பாதை திறந்துவிட்ட யந்திரத்தைச் சோம்பேறியின் யந்திரம் என்பது நியாயமாகாது.